புற்றுக்காளான்: அடிவேர் வரை பார்த்து எடுப்பதும் கெடாமல் காயவைத்து வைப்பதும்

ஆடி முடியப்போகிற சமயத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி பக்கம் இரண்டு நாள் நல்ல மழை பிடித்து, மூன்றாம் நாள் காலையில் மேகம் கலைந்து இளவெயில் அடித்தால், எங்கள் ஊரில் ஒருவர் சொல்லாமலே நாலு பேர் கூடையோடு தோப்புப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. இடியோடு வருகிற மழை மண்ணை ஆழமாக நனைக்கிறது, அதற்குப் பிறகு வருகிற புழுக்கம்தான் காளானை மேலே கொண்டுவருகிறது என்பது என் எண்ணம். எப்படியானாலும் அந்த மூன்று நான்கு நாளை விட்டால் அந்த இடத்தில் அடுத்த நல்ல மழை வரைக்கும், சில சமயம் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் சொல்லப்போவது புற்றுக்காளான் ஒன்றைப் பற்றி மட்டும். காட்டில் முளைக்கிற எல்லாக் காளானையும் அடையாளம் சொல்லித்தர எனக்குத் தெரியாது, அப்படி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லித்தருகிறேன் என்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். ஒரு காளானை நன்றாகத் தெரிந்துகொண்டு அதை மட்டும் எடுத்துச் சாப்பிட்டால் ஆயுசுக்கும் போதும்.

கூடவந்து கற்றுக்கொடுத்தவர் என் ஆயா. முதல் நாள் நான் வெள்ளையாகப் பெரிதாக விரிந்திருந்த ஒன்றைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கையில் வந்தது பாதித் தண்டுதான். ஆயா அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, "கொடையப் பாத்து ஆசப்படாத கண்ணு, அடியத் தோண்டிப் பாரு" என்று களைக்கொத்தை என் கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு அதைவிட நல்ல பாடம் யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் நல்ல காளானுக்கான அத்தாட்சியும் மண்ணுக்குள்தான் இருக்கிறது, ஆளைக் கொல்லுகிற காளானைக் காட்டிக்கொடுக்கிற அடையாளமும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. ஒரே தோண்டலில் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் தோண்டும்போது எதைத் தேடுகிறோம் என்று புரியும். கரையான்கள் காய்ந்த இலை, சுள்ளி, மரத்துண்டு எல்லாவற்றையும் மென்று தின்று, அதைப் புற்றுக்குள் கொண்டுபோய்க் கழித்து அடை அடையாகக் கட்டி வைக்கின்றன. பார்க்க பழுப்பு நிறத்தில் மூளையின் மடிப்புகள் மாதிரி, லேசாகப் பொறுபொறுவென்று இருக்கும். அந்த அடையில்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கரையானால் நேரடியாகச் செரிக்க முடியாத மரச்சத்தை இது பக்குவப்படுத்திக் கொடுக்கிறது, பதிலுக்குக் கரையான் இதற்குச் சூடும் ஈரமும் பார்த்து இடம் கொடுக்கிறது. அடையின் மேலே ரவை தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சின்ன முத்துகள் இருக்கும், கரையான் சாப்பிடுவது அவற்றை. மழை வந்ததும் அந்த அடையிலிருந்து ஒரு நீண்ட வேர் மாதிரித் தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. நாம் எடுப்பது அதைத்தான். இந்தக் கூட்டுறவு இல்லாமல் இது வளராது என்பதால்தான் சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் இதை யாராலும் வியாபார அளவில் வளர்க்க முடியவில்லை.

அறிவியலில் இந்த வகைக்கு டெர்மிடோமைசிஸ் என்று பெயர், 1942-ல் ரோஜர் ஹைம் என்கிற பிரெஞ்சுக்காரர் வைத்தது. தென்னிந்தியாவில் கிடைக்கிற ஒரு இனத்துக்கு 1979-ல் நடராஜன் என்கிற தமிழ்நாட்டு ஆய்வாளர் அந்த ஹைமின் பெயரையே சூட்டி டெர்மிடோமைசிஸ் ஹைமி என்று விவரித்தார்.

சரி, தேடுகிற இடம். உயரமாக நிற்கிற புற்றின் மேலேதான் இருக்கும் என்று நினைத்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். கரையான் கூடு மண்ணுக்குள் சமதரையிலும் இருக்கும், வெளியே புற்று என்று ஒன்றுமே தெரியாது. மாந்தோப்பில் உழாமல் விட்ட ஓரம், புளியமரத்தடி, வேலியோரம், மானாவாரி நிலத்தின் பழைய வரப்பு, இவையெல்லாம் நல்ல இடங்கள். ஒரு தடவை கிடைத்த இடத்தில் பெரும்பாலும் மறுவருஷமும் கிடைக்கும், ஏனென்றால் கூடு அங்கேயேதான் இருக்கிறது. அதனால்தான் எங்கள் ஊரில் சொந்தக்காரர்களிடம்கூட இடத்தைச் சொல்ல மாட்டார்கள்.

காட்டுக்குள் போவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2022-ல் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கெல்லாம் அனுமதி இல்லாமல் நுழைந்து எதையும் எடுக்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ஐப்பசி வாக்கில் கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் ராகி வாசம் பிடித்து வர ஆரம்பிக்கும். காளான் தேடுகிறவர் தரையைப் பார்த்துக் குனிந்தே நடப்பார், பனி மூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கிற யானை தெரியாது. உங்கள் பட்டா நிலம், தெரிந்தவர் தோப்பு, கேட்டால் சரி என்று சொல்கிற மேய்ச்சல் நிலம், இவையே தாராளம். அப்புறம், மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற புற்றைத் தொடாதீர்கள். எந்தப் புற்றின் பொந்திலும் கையை விடாதீர்கள், பாம்பு இருக்கும்.

எடுக்கக் கூடாத இடமும் உண்டு. தக்காளிக்கோ மாமரத்துக்கோ மருந்து அடித்த நிலம், களைக்கொல்லி தெளித்த வரப்பு, கரையானுக்கு மருந்து ஊற்றின வீட்டைச் சுற்றி, நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேடு. காளான் மண்ணில் இருக்கிற கெட்டதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும், வேகவைத்தால் அது போகாது.

இப்போது தோண்டுவோம். கூட்டமாக முளைத்திருக்கிற இடத்தில் ஓரமாக இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தண்டை ஒட்டிக் குத்தாமல் ஒரு விரற்கடை தள்ளிக் களைக்கொத்தால் சுற்றி மண்ணை எடுங்கள். புற்றுக்காளானாக இருந்தால் தண்டு தரைமட்டத்தில் முடியாது. கீழே போகப் போகக் கொஞ்சம் தடித்து, அப்புறம் மெல்ல மெல்லச் சிறுத்து, எலிவால் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு சாண் போகும், சிலது இரண்டு மூன்று சாண்கூடப் போகும். வேரின் தோல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ சில இனத்தில் கறுப்பாகவோ இருக்கும். பொறுமையாகப் போனால் அதன் முனை அந்தப் பழுப்பு அடையில் போய் ஒட்டியிருப்பதும், கரையான்கள் பதறி ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும். அடையைத் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்தி மண்ணை மூடிவிடுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றை மட்டும் இப்படிக் கடைசிவரை தோண்டினால் போதும். மற்றதை ஈர மண்ணில் அடித்தண்டைப் பிடித்து லேசாகத் திருகி உருவினால் ஒரு சாண் வேரோடு வரும். ஆனால் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துத்தான் கூடையில் போட வேண்டும், ஏனென்றால் நல்லதின் நடுவே வேறொன்று முளைக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

தோண்டும்போது அடியில் முட்டை ஓட்டைப் பாதியாக உடைத்து அதில் தண்டைச் சொருகி வைத்த மாதிரி ஒரு சவ்வுக் கிண்ணம் இருந்தால் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். அமானிட்டா என்கிற வகை அப்படித்தான் இருக்கும். உலகத்தில் காளான் சாப்பிட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அந்த வகையைச் சேர்ந்த சில காளான்கள். மண்ணுக்கு மேலே பார்த்தால் வெள்ளைச் செதில் (குடையின் அடியில் தகடு தகடாக இருப்பதைத்தான் செதில் என்கிறேன்), வெள்ளைத் தண்டு, கழுத்தில் வளையம் என்று அழகாகவே இருக்கும். தண்டை ஒடித்து எடுத்தால் அந்தக் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆயா என் கையிலிருந்து பாதித் தண்டை வாங்கி எறிந்தது இதனால்தான் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

வேர் இருந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. மண்ணுக்குள் புதைந்த மரத்துண்டிலிருந்து வேர்விட்டு வருகிற வேறு காளான்களும் உண்டு. அதனால் மற்ற அடையாளமும் சேர்ந்து பொருந்த வேண்டும். குடை விரியாத மொக்கில் உச்சி கூம்பிக் கூராக, தொட்டால் கெட்டியாக, மற்ற இடத்தைவிடக் கறுத்து இருக்கும். மண்ணைத் துளைப்பது அந்த முனைதான், குடை நன்றாக விரிந்த பிறகும் நடுவில் ஒரு குமிழாக அது தெரியும். அடிப்பக்கத்துச் செதில்கள் நெருக்கமாக, தண்டில் ஒட்டாமல், முதலில் வெள்ளையாகவும் முற்றும்போது லேசான ரோஜா நிறமாகவும் மாறும். தண்டு உள்ளே பொந்தாக இல்லாமல் கெட்டியாக இருக்கும், நீளவாக்கில் கிழித்தால் வெந்த கோழிக்கறி மாதிரி நார் நாராகப் பிரியும். அறுத்த இடம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால் வேண்டாம். வளையம் சில இனத்துக்கு உண்டு, சிலதுக்கு இல்லை, அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நம் ஊரில் ஏமாற்றுகிறதில் முதல் இடம் பச்சைச் செதில் நாய்க்குடைக்கு. மாட்டுக்கொட்டகை ஓரம், புல்தரை, பள்ளிக்கூட மைதானம், கோயில் வளாகம் என்று மனுஷன் புழங்குகிற இடத்தில்தான் மழைக்குப் பிறகு கும்பலாக வரும். வெள்ளைக் குடை, மேலே பழுப்புப் பொருக்கு, தண்டில் வளையம். எனக்குப் பத்து வயசிருக்கும்போது கொட்டகைக்குப் பின்னால் முளைத்த இதை நானே பறித்துக்கொண்டுபோய்க் கொடுத்து, அம்மா நம்பிக் குழம்பு வைத்தார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று பேருக்கும் வாந்தியும் பேதியும். அந்த ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. தம்பி உதடு காய்ந்து கண் சொருகிப் படுத்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மறுநாள் வீட்டுக்கு வந்து மிச்சம் நின்ற காளான்களைப் பார்த்தபோது நேற்று வெள்ளையாக இருந்த செதிலெல்லாம் சாம்பல் கலந்த பச்சையாகியிருந்தது. இளசாக இருக்கும்போது அது பச்சையைக் காட்டாது, ஆபத்தே அங்கேதான். ஆனால் தோண்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்: அதற்கு வால் வேர் கிடையாது, தண்டு தரையோடு ஒரு குமிழில் முடிந்துவிடும்.

இன்னொரு உறுதியான சோதனை வித்துத்தடம். முற்றின குடை ஒன்றைத் தண்டில்லாமல் அறுத்து, செதில் கீழே இருக்கும்படி பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படுகிற மாதிரி வைத்து, டம்ளரால் மூடி ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளில் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது லேசான ரோஜா நிறம். பச்சை வந்தால் அது அந்த நாய்க்குடை. சுத்த வெள்ளையாக வந்தாலும் வேண்டாம், அமானிட்டாவுக்கு வெள்ளைத் தூள்தான். புதிய இடத்தில் எடுக்கிற முதல் தடவை இந்தச் சோதனை முடிகிற வரைக்கும் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். மற்றதைத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு ராத்திரி தாங்கும்.

வெள்ளிக் காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், அரிசி சிவக்கும், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான், புளியும் மஞ்சளும் விஷத்தை எடுத்துவிடும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒன்றுகூட உண்மை இல்லை. அமானிட்டாவின் விஷம் கொதித்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது, பூச்சியும் நத்தையும் அதைத் தின்றுவிட்டுப் பேசாமல் போகும்.

அரிசிக்காளான் பற்றிக் கேட்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். கரையான் அடைத் துகளை வெளியே கொண்டுவந்து பரப்பும்போது அதில் நூற்றுக்கணக்கில் விரல்நகம் அளவுக்கு வெள்ளையாகப் பூக்கும். ருசி அபாரம். ஆனால் அதற்கு நீண்ட வேர் இல்லை, அதைப் போலவே சின்னச் சின்னதாக வெள்ளையில் வேறு காளான்கள் நிறைய உண்டு. பல வருஷம் எடுத்துப் பழகின ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நீங்களாக அதை எடுக்காதீர்கள்.

எடுத்ததை மூங்கில் கூடையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டால் வீடு வந்து சேர்வதற்குள் வியர்த்துக் கொழகொழத்துவிடும். அங்கேயே களைக்கொத்து முனையால் வேர் மண்ணைச் சுரண்டிவிட்டால் குடைக்குள் மண் ஏறாது, வீட்டில் பாதி வேலை மிச்சம். ஒரு கூட்டத்தில் நாலைந்து முற்றின குடைகளை விட்டுவிட்டு வாருங்கள். மொக்குகளும் பாதி விரிந்தவையும்தான் ருசி. நன்றாக விரிந்து ஓரம் கிழிந்ததில் பெரும்பாலும் புழு வைத்திருக்கும்.

முதல் தடவை சாப்பிடுகிறவர் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம், ஒரு முழு நாள் பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம், சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். இது நல்ல காளான்கூட ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகச் சொல்வது. சந்தேகமான காளானைக் கொஞ்சம் தின்று சோதித்துப் பார்க்கச் சொல்லவில்லை, கொல்லுகிற காளானில் அந்தக் கொஞ்சமே போதும். பச்சையாகச் சாப்பிடாதீர்கள், கால் மணி நேரமாவது நன்றாக வேக வேண்டும். சமைக்காத காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்று வலி எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உடனே வருகிற வாந்தியைவிட ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருவது இன்னும் மோசம். நடுவில் ஒருநாள் சரியான மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

காயவைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைத்து, வேரின் தோலைக் கத்தியால் சீவி, மண் விடாத இடத்தை மட்டும் ஓடுகிற தண்ணீரில் காட்டி எடுங்கள். கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்காமல் கையாலேயே நீளவாக்கில் சுண்டுவிரல் தடிமனுக்குக் கிழித்தால் ஒரே மாதிரி காயும். முறத்தில் பழைய வேட்டித் துணி விரித்து ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் சும்மா கிடக்கிற தட்டில் பரப்பத் தோன்றும், வேண்டாம். அதிலெல்லாம் பிளீச்சிங் பவுடரும் ஃபார்மலினும் அடித்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால் காளான் வருகிற காலம் மழைக்காலம், வெயிலை நம்ப முடியாது. முதல் ஆறு மணி நேரம்தான் முக்கியம், அதற்குள் மேல் ஈரம் போகாவிட்டால் கறுத்து வாடை வந்துவிடும். வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே ராத்திரி முழுக்க, காலையில் மறுபடி வெயில். விறகடுப்பு இருக்கிற வீட்டில் ஊசி நூலில் மாலையாகக் கோத்து அடுப்புக்கு மேலே, புகை நேரடியாக அடிக்காமல் சூடு மட்டும் படுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிடுவோம். மின் உலர்த்தி இருந்தால் 50 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள், அதற்கு மேல் போனால் வெந்துபோய்த் தோல் மாதிரி ஆகிவிடும்.

காய்ந்ததா என்று பார்க்கத் தடித்த தண்டுத் துண்டு ஒன்றை எடுத்து ஒடியுங்கள். அப்பளம் மாதிரி டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், ஒரு கிலோ காய்ந்தால் சுமார் 100 கிராம் வரும். நன்றாக ஆறின பிறகு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, மூன்று நாள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். உள்பக்கம் லேசாக ஆவி படிந்தாலும் கொட்டி மறுபடி காயவைக்க வேண்டும். பூஞ்சை பிடித்தால் தேய்த்து எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள், பாட்டிலோடு எறிந்துவிடுங்கள். சரியாகக் காய்ந்தது அடுத்த ஆடி வரைக்கும் வரும்.

ஊறுகாய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மாங்காய் ஊறுகாய் மாதிரி எண்ணெய் ஊற்றி வெளியே வைக்கக் கூடாது. மாங்காயில் புளிப்பு உண்டு, காளானில் இல்லை. எண்ணெய் மூடிக் காற்றுப் புகாத இடத்தில், புளிப்பும் இல்லாவிட்டால், பொட்டுலிசம் என்கிற நரம்பை முடக்குகிற விஷத்தைக் கொடுக்கும் கிருமி வளரும். வாடையோ நிறமோ காட்டாது. ஆசையாக இருந்தால் வேகவைத்த காளானை வினிகரில் முழுக்க மூழ்கும்படி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். உறைபெட்டி இருந்தால், எண்ணெயில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் போடலாம். கரண்ட் போய் இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சமைத்துவிட வேண்டும்.

காய்ந்ததைச் சமைக்க, ஒரு கைப்பிடியைக் கழுவி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து எடுங்கள். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், நாலு சில் தேங்காய் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்து, சூடான ராகிக் களிக்கு ஊற்றினால் ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டியதில்லை. ஊறின தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசியில் பாதி அதில்தான் இறங்கியிருக்கிறது. அசையாமல் வைத்து மேலாகத் தெளிந்ததை மட்டும் குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். அடியில் கால் டம்ளர் மட்டும் விட்டுவிடுங்கள், அதில் மண் இருக்கும்.